நான் படித்துச் சொன்ன ஆறு எண்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, சித்தப்பாவைப் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். காலில் பட்ட சின்னக் காயம் புண்ணாகி, வீங்கி, குளிர் காய்ச்சலும் வந்துவிட்டது. சித்தி போன் செய்ததும் நானும் அம்மாவும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஊர் ஊராகக் கடந்துபோக, அம்மா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இதே சாலையில், இதே மாதிரி ஒரு இரவில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனபோது டியூட்டி டாக்டர், சின்ன வயசுப் பெண், கேஸ் ஷீட்டும் கையுமாக சித்தியை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அம்மா சித்தியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “சுகர் எத்தினி வருஷமா இருக்குன்னு கேப்பாங்க. தெரியலைன்னு சொல்லிடு. என்ன மாதிரி வாயக் குடுத்து மாட்டிக்காத.”

டாக்டர் கேட்டார். சித்தி அப்படியே சொன்னார். “என்ன மாத்திரை சாப்பிடறார்?” என்று டாக்டர் அடுத்துக் கேட்டபோது சித்தி ஒரு நொடி அம்மாவைப் பார்த்துவிட்டு, “அதுவும் தெரியலைங்க மேடம்” என்றார். புண்ணோடும் காய்ச்சலோடும் ஒருவர் படுத்திருக்கிறார். அவர் தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது அவருடைய மனைவிக்குத் தெரியாது என்று அந்தக் காகிதத்தில் ஏறப்போகிறது. எனக்கு அடிவயிறு கலங்கியது. அப்புறம் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை முதலில் சொன்னால்தான் அது புரியும். அதில் என் பங்கும் இருக்கிறது.

ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருந்த மாத்திரை

அப்பாவுக்கு 2012இல் சர்க்கரை என்று தெரிந்தது. முதுநகரில் மளிகைக் கடை. காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் வீடு. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், நடக்கச் சொன்னார். கொஞ்ச நாள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்தார், அப்புறம் நின்றுபோனது. மாத்திரை மட்டும் தொடர்ந்தது. 2013இல் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் அம்மா மாத்திரை அட்டையை எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டு மூடி மேல்தட்டில் வைத்துவிடுவாள். அப்பாவுக்கு சுகர் என்றால் நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்களாம். இதில் யாரையும் ஏமாற்றுகிறோம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. வீட்டில் இருக்கும் நோயை வெளியில் சொல்லாமல் இருப்பது, வாசல் தெளிப்பது மாதிரி ஒரு பழக்கம்.

2018 ஜூலையில், அப்பாவுக்கு 60 வயது முடிந்ததும், காப்பீடு எடுக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். முகவர் வேறு யாருமில்லை, அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுகிற, நாங்கள் மாமா என்று கூப்பிடுகிற குடும்ப நண்பர். அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாய்க்கு ஒரே பாலிசி. மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது, உடனே கிடைத்துவிடும் என்று மாமா சொன்னார். எங்களுக்கும் அது பெரிய வசதியாகத் தெரிந்தது. பரிசோதனை இல்லை என்றால் முழு பாரமும் நாம் சொல்லும் வார்த்தை மேல் ஏறுகிறது என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மாமா தன் போனில் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு உண்டா என்ற கேள்வி வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். “அண்ணனுக்கு லேசா இருக்கு, தெரியும். போட்டா வருஷத்துக்கு நாலாயிரம் ஏறும். ஊர்ல யாருக்குதான் சுகர் இல்ல?” அப்பா சிரித்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். மாமா ‘இல்லை’ என்று தொட்டார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் எண்ணுக்கு ஓடிபி வந்தது. அப்பா கண்ணாடியைத் தேடினார். நான் போனை வாங்கி, அந்த ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். எண்களைத் தப்பில்லாமல் படிப்பேன்.

அப்பாவின் கையெழுத்து அதுதான். நானே படித்துச் சொன்ன ஆறு எண்கள்.

பாலிசி தபாலில் வந்தது. பின்பக்கத்தில், மாமா நிரப்பிய படிவத்தின் நகலும் இணைத்திருந்தார்கள். பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தர அப்போது பொதுவாக 15 நாள் அவகாசம் இருந்தது, இப்போது 30 நாள். அந்த நாட்களில் ஒருநாள் உட்கார்ந்து அந்த நகலைப் படித்திருந்தால், “இது தப்பு, என் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது” என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். கவரைப் பிரித்து, பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு பீரோவில் வைத்தோம். நாலு வருஷம் அது அங்கேயேதான் இருந்தது.

52 மாதங்கள்

2022 நவம்பர். மழை விடாமல் பெய்த ஒரு இரவு. அப்பாவுக்கு நெஞ்சு அடைப்பது போலிருக்கிறது என்றார், வேர்த்துக் கொட்டியது. புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். அந்த இரவு டியூட்டி டாக்டர் அம்மாவிடம் கேட்டார், சுகர் எத்தனை வருஷமாக என்று. “பத்து வருஷமாங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு சாப்பிடுறாரு” என்று அம்மா மாத்திரையின் பெயரோடு சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு ஓடிபியும் நினைவில்லை, படிவமும் நினைவில்லை.

மறுநாள் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள். கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே நேராக மருத்துவமனைக்குக் கட்டும் வசதி கேட்டு அனுப்பிய விண்ணப்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பதில் கேள்வி அனுப்பியிருக்கிறது: சர்க்கரை நோய்க்கு முதன்முதலில் பார்த்த மருத்துவரின் சீட்டு வேண்டும். எங்களால் கொடுக்க முடியவில்லை, கொடுத்தாலும் அது 2012 என்றுதான் சொல்லும். அன்று சாயங்காலம் கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது. பில் 2,87,000 ரூபாய். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது, மீதி சீட்டுப் பணம். கேஷ்லெஸ் மறுத்தால் கிளெய்மே போய்விட்டது என்று அர்த்தமில்லை, பணம் கட்டிவிட்டு ரசீதுகளோடு பிறகு கேட்கலாம் என்று கவுண்டரில் இருந்த தம்பி சொன்னான். கேட்டோம். ஒன்றரை மாதம் கழித்து வந்த கடிதம், முன்பே இருந்த நோயை மறைத்ததால் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசியும் ரத்து செய்யப்படுகிறது என்றது. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். அப்புறம் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதினோம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம்தான். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், நிறுவனம் கைவிரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். விசாரணையில் அந்தப் படிவத்தைக் காட்டினார்கள். ‘இல்லை’. எங்களிடம் பதில் இல்லை. முடிவு எங்களுக்கு எதிராக வந்தது, அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

நான் தூக்கமில்லாமல் திரும்பத் திரும்பப் போட்ட கணக்கு வேறு. ஏற்கெனவே இருக்கும் நோயைச் சொல்லி பாலிசி எடுத்தால், அந்த நோய் தொடர்பான சிகிச்சைக்குச் சில காலம் காத்திருக்க வேண்டும். அப்போது அதிகபட்சம் 48 மாதம், எங்கள் பாலிசியிலும் அதுதான். 2018 ஜூலையிலிருந்து 2022 நவம்பர் வரை 52 மாதம். சொல்லியிருந்தால் காத்திருப்புக் காலம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருக்கும். மாரடைப்புக்கும் சர்க்கரைக்கும் முடிச்சுப் போட்டாலும்கூட அவர்கள் பணம் தந்திருக்க வேண்டும். நாங்கள் மிச்சம் பிடித்தது வருடத்துக்கு நாலாயிரம் வீதம் ஐந்து பிரீமியத்துக்கு 20,000 ரூபாய். அதற்காக 2,87,000 போனது. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள்.

தொடர்ச்சியாகப் பல ஆண்டுகள் பிரீமியம் கட்டிய பாலிசியில், மறைத்தார் என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும் மறுக்கலாம். அந்தக் காலம் அப்போது எட்டு வருடமாக இருந்தது, 2024இல் ஐஆர்டிஏஐ எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை ஐந்து வருடமாக, 60 மாதமாகக் குறைத்தது. இதைச் சொன்னதும் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, “அப்போ அஞ்சு வருஷம் வாய மூடிட்டு ஓட்டிட்டா போதும்ல?” என்று கேட்டாள். அந்த ஐந்து வருடமும் உங்கள் அப்பாவுக்கு மூச்சுத் திணறும்போது டாக்டரிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

இந்த விஷயத்தில் நான் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான். மறைத்து எடுத்த பாலிசி வெறும் காகிதம் என்பதோடு நிற்பதில்லை. உயிர் போகிற நேரத்தில் டாக்டரிடம் உண்மையைச் சொல்வதற்கு அது நம்மைப் பயப்பட வைக்கிறது. படிவத்தில் ஒரு பொய் இருந்தால் கேஸ் ஷீட்டிலும் அதே பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா அன்று உண்மையைச் சொன்னாள், அதனால் டாக்டருக்கு என்ன மருந்து, என்ன அளவு என்று தெரிந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து விசாரித்தபோது எல்லோரும் சொன்னது, “நீங்க அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.” தப்பு செய்தது படிவத்தை நிரப்பிய கூடத்தில் இருந்த நாங்கள் நாலு பேர். பழி மட்டும் உண்மை பேசிய அம்மா மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. மாமாவைப் பற்றிக் கேட்கிறீர்களா? முக்கியமான தகவலை விட்டுவிடும்படி முகவர் யாரையும் தூண்டக் கூடாது என்று விதிமுறையே இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதற்கு எங்களிடம் சாட்சி இல்லை, காகிதத்தில் இருப்பது அப்பாவின் ஒப்புதல். அவர் இன்றும் வீட்டுக்கு வருகிறார். அம்மா அவருக்குக் காபி கொடுக்கிறாள்.

அம்மாவுக்கு எடுத்த பாலிசி

பாலிசி ரத்தானதால் அம்மாவுக்கும் எதுவும் இல்லாமல் போனது. 2024 அக்டோபரில் அம்மாவுக்கு 59 வயது. தைராய்டு, ரத்தக் கொதிப்பு, பழைய கர்ப்பப்பை அறுவை சிகிச்சை ஒன்று. எல்லாவற்றையும் எழுதித்தான் விண்ணப்பித்தேன். முதல் நிறுவனம் வேண்டாம் என்றது. இரண்டாவது நிறுவனத்திலிருந்து ஒரு டாக்டர் போனில் தமிழிலேயே பேசினார். அம்மா முதலில் என் முகத்தைப் பார்த்தாள். “எல்லாத்தையும் சொல்லும்மா” என்றேன். மெதுவாக ஆரம்பித்து, எந்த வருஷம் எந்த ஆஸ்பத்திரியில் என்பது வரை சொன்னாள். பேச்சு முழுக்கப் பதிவாகிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பிரீமியத்தில் 20 சதவீதம் கூட்டினார்கள், ரத்தக் கொதிப்புக்கு மூன்று வருடக் காத்திருப்பு போட்டார்கள். 2024 ஏப்ரல் முதல் இந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். அந்தக் கடிதத்தில் அம்மாவின் நோய்களின் பெயர்கள் அச்சாகி இருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த தைரியத்தைச் சொல்லத் தெரியவில்லை. சொன்ன நோயைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்த நிறுவனம், பிறகு அதே நோயைக் காரணம் காட்டிக் கைகழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சரி, எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் முதலில் பார்த்தது பிரீமியத்தை இல்லை, ரூம் வாடகை வரம்பை. அப்பாவின் பழைய பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் உட்கார்ந்தபோதுதான், நாங்கள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் முழுப் பணம் வந்திருக்காது என்று தெரிந்தது. அதில் ரூம் வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நாங்கள் எடுத்தது 5,000 ரூபாய் அறை. கூடுதல் இரண்டாயிரத்தை நாம் கட்டினால் போதும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. ஐந்தில் மூன்று பங்கு அறைக்குத்தான் தகுதி என்பதால், அறையோடு சேர்ந்த டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், நர்சிங் கட்டணம் எல்லாவற்றிலும் ஐந்தில் மூன்று பங்குதான் தருவார்கள். அந்தக் கட்டணங்கள் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 40,000 நம் கையிலிருந்து போகும். நாலு நாள் அறை வித்தியாசம் வெறும் 8,000தான். மருந்து, ஸ்டென்ட் போன்ற உள்ளே பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது, ஐசியு கட்டணத்திலும் வெட்டக் கூடாது என்று 2020இல் வந்த வழிகாட்டுதல் ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனாலும் புதுச்சேரியில் அவசரமாகப் போய்ச் சேரும்போது இருக்கிற அறையைத்தான் கொடுப்பார்கள், வரம்புக்குள் பார்த்துத் தேட நேரம் இருக்காது. அதனால் ரூம் வாடகைக்கு ரூபாய்க் கணக்கில் வரம்பு இல்லாத பாலிசியாகத் தேடினேன். பிரீமியம் கொஞ்சம் கூடத்தான் செய்தது.

அடுத்தது கோ-பே. வயதானவர்களுக்கென்று விற்கும் பல பாலிசிகளில் ஒவ்வொரு பில்லிலும் 20, 30 சதவீதம் நாம் போட வேண்டும் என்று இருக்கும். விலை குறைவாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். அதைவிட எங்கள் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, சில நிறுவனங்கள் ஊரைப் பொறுத்துப் பிரீமியம் போடுகின்றன. கடலூர் முகவரியில் எடுத்தால் குறைவு, ஆனால் சென்னையில் சேர்ந்தால் ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும் என்று உள்ளே ஒரு வரி இருக்கும். கடலூரில் பெரிய நோய் என்றால் முதலில் புதுச்சேரி, அங்கே முடியாவிட்டால் சென்னை என்றுதானே வாழ்கிறோம். அந்த வரி இருக்கிறதா என்று முகவரிடம் வாயால் கேட்டு விடாமல், வாடிக்கையாளர் தகவல் தாள் என்று பாலிசியோடு ஒன்று தருவார்கள், அதில் பாருங்கள். கேட்டால் அதைத் தமிழிலேயே தர வேண்டும். கேஷ்லெஸ் மருத்துவமனைப் பட்டியலை மட்டும் நான் இணையத்தோடு விடவில்லை. நாங்கள் போகக்கூடிய மூன்று மருத்துவமனைகளின் இன்ஷூரன்ஸ் கவுண்டருக்கே நேரில் போய், இந்த நிறுவனத்தோடு இப்போது பிரச்சினை இல்லாமல் நடக்கிறதா என்று கேட்டேன். ஒரு இடத்தில் அந்தத் தம்பி முகத்தைச் சுளித்ததைப் பார்த்து ஒரு நிறுவனத்தையே பட்டியலிலிருந்து நீக்கினேன்.

அம்மாவுக்கு 5 லட்சம் ரூபாய் பாலிசி, அதற்கு மேல் ஆகும் செலவுக்கு சூப்பர் டாப்-அப் என்ற கூடுதல் பாலிசி. வெறும் டாப்-அப் என்றால் ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் வருடம் முழுவதற்குமான பில்களைக் கூட்டி 5 லட்சம் தாண்டினால் போதும். பெயரில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம், கணக்கு அடியோடு மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால், அந்த அக்டோபரில் புதுப்பித்தபோது 18 சதவீத வரி கட்டாமல் மிச்சமானது.

அப்பாவை இப்போது எந்த நிறுவனமும் நல்ல நிபந்தனையில் எடுக்கவில்லை. பிரீமியமாகப் போகக்கூடிய தொகையை மாதாமாதம் அவர் பெயரில் வங்கியில் போடுகிறோம், தொடர் சிகிச்சைக்கு கோரிமேடு ஜிப்மருக்குப் போகிறார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், கடை இருப்பதால் எங்களுக்குத் தகுதியில்லை. தகுதி உள்ளவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போய் முதலில் அதை வாங்கிவிடுங்கள். மற்ற பாலிசியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மஞ்சள் பை

மறுபடியும் அந்த அவசரப் பிரிவு. சித்தி “தெரியலைங்க” என்று சொன்னதும் நான் குறுக்கே போனேன். “சித்தி, அந்தப் பைய குடுங்க.” சித்தி எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு வருகிற மஞ்சள் பை ஒன்று உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் இருக்கும். அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்கு அழுத்திப் பிடித்தாள். நான் விலக்கிக்கொண்டு டாக்டரிடம் மாத்திரை அட்டைகளைக் கொடுத்தேன். ரிப்போர்ட்டுகளைத் தரையிலேயே உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கினேன். சர்க்கரை என்று முதன்முதலில் வந்த ரிப்போர்ட் 2021 ஜூன். கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு எடுத்தது. அதற்கு முன்பு 2020இல் ஒரு முழு உடல் பரிசோதனை, அதில் சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. சித்தப்பா பாலிசி எடுத்ததோ 2019.

பாலிசி எடுத்த பிறகு வந்த நோய். அதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. தெரியாது என்று எழுதியிருந்தால்தான், எப்போதிலிருந்து என்று தோண்டியிருப்பார்கள். சித்தியாகச் சொல்லியிருந்தால் பேச்சு வழக்கில் “பத்து வருஷமா இருக்குங்க” என்று சொல்லியிருக்கவும் கூடும், அதுவும் அப்படியே காகிதத்தில் ஏறியிருக்கும். பதற்றத்தில் நாம் குத்துமதிப்பாகச் சொல்கிற வருஷம்தான் பின்னால் சாட்சியாக வந்து நிற்கிறது. அதனால் முதல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் கேஸ் ஷீட்டில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு ‘2021 ஜூன் முதல்’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

காலையில் கேஷ்லெஸ் விண்ணப்பம் போனது. ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் இருக்கிறது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கவுண்டர் முன்னாலேயே நின்றேன். அதே கேள்விதான் வந்தது: முதல் சீட்டு வேண்டும். ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். இருபது நிமிடத்தில் அனுமதி வந்தது. சித்தி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா அந்த லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தேதி எழுதியிருந்த இடத்தை விரல் வைத்து நிதானமாகப் படித்தாள். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“அப்பாவுக்கு நான் அன்னைக்கு பத்து வருஷம்னு சொன்னேன்ல. அது சரியாதான இருந்துச்சு?”

“2012லேருந்து 2022. சரியாத்தாம்மா சொன்ன.”

ரிப்போர்ட்டை நாலாக மடிக்கப் போனவள், மடிக்காமல் அப்படியே மற்ற காகிதங்களோடு சேர்த்து மஞ்சள் பைக்குள் வைத்தாள்.